விற்காது என்றார்கள், விற்றது!
அயர்லாந்துக் குடும்பத்தின் பாட்டுக் கதை

ஓர் அக்காள், இரண்டு தம்பிகள், இரண்டு தாய்மாமன்மார். மாமன்மார் இருவரும் இரட்டைப் பிள்ளைகள். இந்த ஐந்து பேரும் சேர்ந்து அமைத்த பாட்டுக் குழுவுக்கு "கிளானட்" என்று பெயர். அவர்களுடைய சிறந்த பாட்டுகளைத் திரட்டி 1989-ல் ஓர் இசைத்தட்டு வெளியாயிற்று. அதன் பெயருக்கு "முன்பும் இப்போதும்" என்று பொருள்.

இவர்களுடைய ஊர் அயர்லாந்தின் வடமேற்கு ஓரத்தில், டோனகல் பகுதியில் உள்ள க்வீடோர். நாட்டின் பெரும்பகுதியில் மக்கள் ஆங்கிலம் பேசுகிறார்கள். அந்த நாட்டின் சொந்த மொழியான ஐரிஷ், வீட்டுப் பேச்சாக இருப்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட சில கடலோர ஊர்களில்தான்.

தந்தை லியோ பிரென்னன் வாத்தியக் குழு நடத்தியவர். பிறகு மதுக்கடை வைத்தார். (அங்கே மதுக்கடை என்றால் ஊரார் கூடிப் பேசிப் பாடும் இடம்.) தாய் பாட்டு ஆசிரியை. பிள்ளைகள் ஒன்பது பேர். மூத்த மகள் மோயா, தம்பிகள் கியாரன், போல், மாமன்மார் நோயல், பாட்ரிக். மாமன்மாருக்கும் மருமக்களுக்கும் வயதில் அதிக வித்தியாசம் கிடையாது! ஊர்ப் பெரியவர்களிடம் கேட்ட பழைய பாட்டுகளை இவர்கள் கடையில் பாடினார்கள்.

<b>மூன்று ஆண்டுத் தாமதம்</b>

1970-ல் லெட்டர்கென்னி நகரில் நடந்த போட்டியில் குழு வென்றது. பரிசு, இசைத்தட்டு வெளியிடும் வாய்ப்பு. ஆனால் தட்டு வந்தது 1973-ல்தான்! ஐரிஷ் பாட்டு விற்குமா என்று கம்பெனிக்குத் தயக்கம். குழுவினரோ ஐரிஷ் பாட்டுகளை விட்டுவிடவில்லை.

1982-ல் வாய்ப்பு வேறு பக்கமிருந்து வந்தது. வட அயர்லாந்தில் நடந்த கலவரத்தை வைத்து ஒரு டெலிவிஷன் நாடகம். அதற்கு ஒரு பாட்டு கேட்டார்கள். துப்பாக்கிச் சத்தத்துக்கு ஏற்ற முழக்கம் எதையும் இவர்கள் போடவில்லை. எல்லாம் ஒரு நாள் மறைந்துபோகும் என்ற பழமொழியைக் கொண்டு, ஒப்பாரி போல மெதுவாக ஒரு பாட்டு அமைத்தார்கள். குரல்களைப் பல தடவை பதிவு செய்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். கோவிலுக்குள் பலர் சேர்ந்து பாடுவது போல ஒலித்தது.

இங்கிலாந்தின் விற்பனைப் பட்டியலில் அந்தப் பாட்டு 5-வது இடத்துக்கு ஏறியது. ஐரிஷ் மொழிப் பாட்டு ஒன்று அங்கே ஏறியது அதுவே முதல் தடவை. வாங்கியவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு சொல்கூடப் புரிந்திராது!

<b>மாடு கேட்காத மாப்பிள்ளை</b>

1989-ம் ஆண்டுத் தட்டில் முதலில் ஒலிப்பது அந்தப் பாட்டுத்தான். ராபின் ஹூட் கதைத் தொடருக்கு இவர்கள் அமைத்த இசையும் உண்டு. அதற்கு 1985-ல் பிரிட்டிஷ் அகாடமி பரிசு கிடைத்தது. பிரபலப் பாடகர் போனோ, மோயாவுடன் சேர்ந்து பாடியதும் உண்டு. எகிப்துப் பிரமிடுகளைவிடப் பழமையான நியூகிரேஞ்ச் கல்லறையைப் பற்றியும் ஒரு பாட்டு இருக்கிறது.

ஆங்கிலப் பாட்டுகளே இதில் அதிகம். சில, எந்த ஊர்க் குழுவும் பாடக்கூடியவை. ஐரிஷ் பாட்டு வந்ததும் குரலே மாறிவிடுகிறது. அவற்றில் ஒன்றில் ஏர்ன் பகுதி வாலிபன் பெண் கேட்டு வருகிறான். "எனக்குச் சொத்து இருக்கிறது, சீதனமாக மாடு வேண்டாம்" என்ற பாணியில் பெருமை அடிக்கிறான். அந்தப் பழைய நாட்டுப் பாட்டை மோயா பாடும்போது பையனுடைய வீம்பு கண்முன் தெரிகிறது.

மோயாவின் தங்கை எனியாவும் 1980 முதல் 1982 வரை இந்தக் குழுவில் இருந்தார். பிறகு தனியாகப் பாடி உலகப் புகழ் பெற்றார். இரட்டை மாமன்மாரில் பாட்ரிக் 2016-லும், நோயல் 2022-லும் காலமானார்கள்.