மண்ணிலும் ஜலத்திலும் ஈயத்தை அளந்தறியும் முறை

சென்னை யானைக்கவுனிக்கு வடகிழக்கே, ராயபுரம், திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரையில் தொழிற்சாலைகள் நெருங்கியுள்ளன. 1994-ல் இயங்கத் தொடங்கிய வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பற்குழம்பு, குழாய்க் கசிவினால் கொசஸ்தலையாற்றுக் கழியிற் படிந்தது. நிலக்கரிச் சாம்பலில் ஈயம் முதலிய கன உலோகங்கள் சிறிதளவு உண்டு. இவை கண்ணுக்கும் நாவுக்கும் புலப்படா. பயிர் செழித்திருப்பதைக் கொண்டு நிலம் சுத்தமென்று நம்புவது தவறு. வதந்தியைக் கேட்டு நல்ல நிலத்தைத் தரிசாக விடுவதும் நஷ்டமே. ஆகையால் அளந்தறிதல் அவசியம்.

ஈயத்தை அளக்க உதவும் டைதைசோன் என்னும் ரஸாயனப் பொருளை 1925-ல் ஜெர்மானியரான ஹெல்முட் பிஷர் பகுப்பாய்வில் புகுத்தினார். முதலில் மண்ணைத் திராவகத்திற் காய்ச்சி வடிகட்டுவர். வடிநீரை அம்மோனியாவினால் காரமாக்கி, பிற உலோகங்கள் குறுக்கிடாதபடி சயனைடு முதலியவற்றைச் சேர்ப்பர். பிறகு குளோரோபாரத்திற் கரைத்த டைதைசோனுடன் குலுக்குவர். குளோரோபாரம் நீரோடு கலவாது அடியில் தங்கும். ஈயம் நீரைவிட்டு அதனுட் சேரும். பச்சையான டைதைசோன் ஈயத்துடன் கூடிச் செந்நிறமாகும். இந்நிறத்தினூடே 510 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியைச் செலுத்தி, உறிஞ்சப்படும் அளவைக் கருவியால் அறிவர். ஈயம் இருமடங்கானால் அவ்வளவும் இருமடங்காகும். அளவு தெரிந்த ஈயக் கரைசல்களோடு ஒப்பிட்டுக் கணக்கிடுவர். ஒரு கிராம் மண்ணில் 40 மைக்ரோகிராம் காணப்பட்டால், கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்பது பொருள். சயனைடு கொடிய விஷமாகையால் இச்சோதனையை ஆய்வுச்சாலையிலன்றி வேறெங்கும் செய்தலாகாது.

மாதிரி பிழையானால் முடிவும் பிழையாகும். குடியானவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் 15 சென்டிமீட்டர் ஆழம்வரை மண் எடுத்துக் கலந்து, அரைக் கிலோ மட்டும் அனுப்புக.
2. நாகம் பூசிய தகரப் பாத்திரங்களை உபயோகிக்கலாகாது.
3. ஜலத்தைச் சுத்தமான பிளாஸ்டிக் புட்டியில், அதே ஜலத்தினால் அலம்பியபின் பிடிக்க.
4. சர்வே எண், தேதி, பயிர் ஆகியவற்றைச் சீட்டில் எழுதுக.

முடிவைப் படிப்பதிலும் கவனம் தேவை. குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் ஈயம் கூடாது; பாசன ஜலத்திற்கோ உலக உணவு விவசாய ஸ்தாபனம் 5 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. ஆயினும் பாசன ஜலம் தேறியதனால் கீரையும் தேறிற்றென்று கொள்ளலாகாது. மண்ணில் ஈயம் ஆண்டுதோறும் சேரும். புகையும் தூசியும் இலைமேல் படியும். ஆகவே கீரை பயிரிடுவோர் இலையையும் சோதிப்பித்தல் வேண்டும். பச்சை இலை கிலோவுக்கு 0.3 மில்லிகிராமே சர்வதேச வரம்பு. அது மீறினால் கீரையை நிறுத்திப் பூச்செடி முதலிய உண்ணாப் பயிர்களைச் செய்யலாம். கால்வாய்ச் சேற்றைச் சோதியாமல் எருவாக இடுவதைக் கிராம அதிகாரிகள் தடுப்பது நலம்.