எண்ணெய்க்கு மசியாத உப்பு

முதல் உலகப் போர்க் காலத்து பிரிட்டிஷ் சிப்பாய்க்கு, லீ என்ஃபீல்ட் ரைபிளால் சுட்டு முடித்ததும் முதலில் தேவைப்பட்டது எண்ணெய் அல்ல, வெந்நீர். குழலின் பின்வாயில் புனலைச் செருகிக் கொதிக்கும் நீரை ஊற்றுவார். பிறகு, பித்தளைக் குண்டு கோத்த கயிற்றில் துணியைக் கட்டி உள்ளே விட்டு இழுத்துத் துடைப்பார். எண்ணெயின் முறை அதற்கப்புறம்தான்.

இரும்புக்குத் தண்ணீர் ஆகாது என்பது ஊரறிந்த விஷயம். அப்படியிருக்க, ஏன் வெந்நீர்?

காரணம், தோட்டாவின் அடியில் உள்ள சிறிய பற்றுமருந்து. அந்தக் காலத்தில் அதில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சிவகாசித் தீக்குச்சியின் தலையில் இருப்பதும் இதே வேதிப்பொருள்தான். எரியும்போது ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடாக மாறிவிடும். அதாவது, சமையல் உப்புக்கு நெருங்கிய உறவு. கண்ணுக்குத் தெரியாத தூளாகக் குழல் முழுக்கப் படியும் இந்த உப்பு, காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு எஃகை அரிக்கத் தொடங்கும். உப்பு எண்ணெயில் கரையாது. எவ்வளவு எண்ணெய் பூசினாலும் அதன் அடியில் பத்திரமாக உட்கார்ந்திருக்கும். பளபளவென்று துடைத்து வைத்த குழல் அடுத்த சில நாளில் துருவேறிக் கிடந்தது இதனால்தான்.

இது புரிய வெகுகாலம் ஆனது. புகையில்லா வெடிமருந்து விட்டுச்செல்லும் அமிலமே குற்றவாளி என்று நம்பி, அமிலத்தை முறிக்க சோடாக் கரைசலால் கழுவினார்கள். பலன் கிடைத்தது, ஆனால் வேலை செய்தது சோடா அல்ல, அதிலிருந்த தண்ணீர்! அமெரிக்கச் சுரங்கத் துறையின் வில்பர்ட் ஹஃப் 1922இல் வெளியிட்ட ஆய்வு, பழியை உப்பின் மேல் சரியாகச் சுமத்தியது.

உப்பு போனாலும் உலோகப் படிவு போகாது. ரவையின் செம்பு உறை, குழலின் சுருள் பள்ளங்களில் உராய்ந்து மெல்லிய பூச்சாக ஒட்டிக்கொள்ளும். குறி தவறுவதற்கு அதுவும் ஒரு காரணம். அதைக் கரைப்பது அம்மோனியா. காற்றிலுள்ள ஆக்சிஜனின் துணையோடு செம்பைப் பிடித்து, அடர்நீல நிறக் கூட்டுப்பொருளாக்கிவிடும். அம்மோனியா நனைத்த துணியை உள்ளே தள்ளினால் முதலில் கரி அப்பிக் கறுப்பாக வரும். சற்று ஊறவிட்டு மறுபடி தள்ளினால் நீலமாக வரும். நீலம் வெளிறும்வரை வேலை பாக்கியிருக்கிறது என்று பொருள். ஆனால் துணியைத் தள்ளும் முனை பித்தளையாக இருந்தால், அதிலுள்ள செம்பே கரைந்து நீலம் காட்டி ஏமாற்றிவிடும்!

1903இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பிறந்த 'ஹாப்பீஸ் நம்பர் 9' கரைப்பான் இன்றும் விற்கிறது. கரியை இளக்க மண்ணெண்ணெய், செம்புக்குச் சிறிது அம்மோனியா, கூடவே வாழைப்பழ வாசனை தரும் அமைல் அசிடேட் என்று பலதும் சேர்ந்த கலவை அது. எல்லா அழுக்குக்கும் ஒரே மருந்து கிடையாது என்பதை இந்தப் பட்டியலே சொல்கிறது.

பிற்காலத்தில் ஈய ஸ்டிஃப்னேட் பற்றுமருந்து வந்து குளோரேட்டின் இடத்தைப் பிடித்ததும் உப்புத் தொல்லை ஒழிந்தது. ஆனால் பழைய ராணுவத் தோட்டாக்கள் பலவற்றில் இன்னும் குளோரேட்தான் இருக்கிறது. அவற்றைச் சுட்ட துப்பாக்கிக்கு இன்றைக்கும் முதலில் தண்ணீர், பிறகு ஈரம் போகத் துடைப்பு, கடைசியில்தான் எண்ணெய்.