வெளிச்சத்தின் அருமை அறிந்தவர்கள்

1998-ஆம் ஆண்டில் ஹூண்டாய் நிறுவனம் கார் உற்பத்தியைத் தொடங்கியதிலிருந்து, பெங்களூர் நெடுஞ்சாலையிலுள்ள இருங்காட்டுக்கோட்டையும், அதனைச் சூழ்ந்த ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பிரதேசங்களும் இயந்திரத் தொழிலின் பெரிய க்ஷேத்திரமாகிவிட்டன. இத்தகைய ஆலைகளில் உதிரிப் பாகங்களைப் பரிசோதிக்கும் பொறுப்பில் ஒரு பகுதியை இப்போது கேமராவும் கம்ப்யூட்டரும் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. அந்த யந்திரக் கண்ணைப் பழக்கும் இளம் எஞ்சினீயரைச் சற்று நேரம் கவனித்தால், அவருடைய சிரமத்தில் பெரும்பங்கு கணிதத்தில் அன்று, விளக்கில் செலவாவது தெரியும். தகட்டின் மேல் படிந்த எண்ணெய் மினுங்கினால் யந்திரம் அதைக் கீறல் என்று எண்ணி நல்ல தகட்டையும் தள்ளிவிடும். ஆகவே, மினுக்கம் மறைந்து கீறல் மட்டும் தெரியும் கோணம் கிடைக்கும் வரை, விளக்கைச் சாய்த்தும் தாழ்த்தியும் பார்த்துக்கொண்டே இருப்பார்.

இதே பொறுமை இன்று வைத்திய சாஸ்திரத்துக்குப் பெரிதும் தேவைப்படுகிறது. சர்க்கரை நோய் விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சிதைத்து, நோயாளி உணருமுன்பே பார்வையைக் கவர்ந்துவிடக் கூடியது. விழித்திரையின் படத்தைக் கொண்டே இக்கேட்டைக் கண்டறிய முடியுமா என்று கூகுள் ஆராய்ச்சியாளர்கள் முயன்று, 2016-இல் வெளியிட்ட ஆய்வில், 54 கண் வைத்தியர்கள் தரம் பிரித்துக் கொடுத்த 1,28,175 படங்களைக் காட்டிக் கம்ப்யூட்டரைப் பழக்கினார்கள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் சென்னை சங்கர நேத்ராலயாவும் அந்த முயற்சியில் பங்குகொண்டன என்பது நமக்குப் பெருமை. யந்திரத்தின் ஞானம் முழுவதும் வைத்தியர்களின் நிர்ணயத்திலிருந்து பிறந்தது என்பதையும் நாம் மறக்கலாகாது.

ஆயினும், பரிசோதனைச் சாலையில் தேர்ச்சி பெற்ற யந்திரம் கிராமத்து மருத்துவ நிலையத்தில் தடுமாறியது. தாய்லாந்தில் அதை உபயோகித்துப் பார்த்தபோது, 1,838 படங்களில் 21 சதவீதம் தெளிவு போதாதென்று அதனால் ஒதுக்கப்பட்டன. அறையை இருட்டாக்க வசதி இல்லாத இடங்களில் எடுத்த படங்கள் மங்கிப் போனது இதற்கு ஒரு முக்கிய காரணம். ஒதுக்கப்பட்ட ஒவ்வொரு படத்துக்கும் பின்னால், வேலையை விட்டு வந்து காத்திருந்த ஒரு நோயாளி இருந்தார். சூத்திரங்களில் வல்லவர்கள் விளக்கை மறந்தால் நேரும் கஷ்டம் இது. ஆலையில் பழகியவர் அதை மறக்க மாட்டார். ஆகையினாலேயே, மருத்துவப் பட ஆராய்ச்சிக்கு ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியின் எஞ்சினீயர்கள் மிகவும் தகுதி வாய்ந்தவர்கள் என்பது என் திடமான அபிப்பிராயம்.

அதற்கான வாயில்கள் தொலைவில் இல்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் கேட் தேர்வின் வழியாக ஆராய்ச்சிப் பட்ட வகுப்பில் சேரலாம்; அங்குள்ள சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆய்வு மையம், கருநிலைச் சிசுக்களின் மூளைகளை மெல்லிய படலங்களாக்கி, அவற்றில் 5,132 படலங்களின் படங்களை ‘தரணி’ என்னும் பெயரில் 2024-இல் உலகுக்கு அளித்தது. கிண்டி பொறியியல் கல்லூரியில் மருத்துவ மின்னணுவியல் முதுகலைப் படிப்பு உண்டு. வேலையை விட இயலாதவர்கள் அண்ணா பல்கலைக்கழகத்தில் பகுதிநேரமாக டாக்டர் பட்ட ஆராய்ச்சி செய்யலாம். முழுநேர ஆராய்ச்சிக்குத் தேசிய அளவில் தேர்வு பெற்ற இளநிலை ஆய்வாளருக்கு, 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் உபகாரச் சம்பளம் கிடைக்கிறது. மேலும், மத்திய அரசு தன் உதவிக்குத் தேர்ந்தெடுத்த நான்கு மருத்துவ உபகரணப் பூங்காக்களில் ஒன்று, ஒரகடத்திற்கே ஏறத்தாழ 350 ஏக்கர் பரப்பில் வாய்த்திருக்கிறது.

ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும் இளைஞர்களுக்கும் யுவதிகளுக்கும் ஒரு வார்த்தை சொல்ல விரும்புகிறேன். ஒரு கீறலைத் தவற விட்டால் கதவுத் தகடு ஒன்று வீணாகும். விழித்திரையில் ஒரு கசிவைத் தவற விட்டால் ஒரு குடும்பத்தின் விளக்கே அணையக் கூடும். நீங்கள் கற்ற வித்தை இரண்டாவது காரியத்துக்கும் பயன்படும். இவ்வாண்டே ஓர் ஆராய்ச்சி வழிகாட்டியைத் தேடிச் சென்று, அவரிடம் உங்கள் ஆலை அனுபவத்தைத் தயங்காமல் சொல்லுங்கள்.