முடி துறந்தவர் யார், பதவி விலகியவர் யார்?

ஆஸ்திரேலியாவில், சிட்னியின் கெல்லிவில்லில் வளரும் நம் பிள்ளைகள் வரலாற்றுப் பாடத்திலும் செய்திகளிலும் 'அப்டிகேட்' என்ற சொல்லைப் பார்க்கிறார்கள். தமிழில் இதற்கு என்ன என்று வீட்டில் கேட்டால் 'ராஜினாமா' என்றோ 'பதவி விலகல்' என்றோ சொல்லிவிடுகிறோம். அது பாதிதான் சரி. முடி துறத்தல் என்று இதற்கெனவே ஒரு சொல் நம்மிடம் இருக்கிறது.

அரசரோ அரசியோ உயிரோடு இருக்கும்போதே, தாமாக முன்வந்து, அரச பட்டத்தை முழுவதுமாக விட்டுவிடுவதே முடி துறத்தல். அரியணை துறத்தல் என்றும் எழுதலாம். இதில் மூன்று கூறுகள் உண்டு: விடுபவருக்கு அரச பட்டம் இருக்க வேண்டும், அவரே விட வேண்டும், முழுவதுமாக விட வேண்டும். ஒன்று குறைந்தாலும் வேறு சொல்லைத் தேட வேண்டும்.

எட்டாம் எட்வர்ட் இதற்குப் பேர்போன உதாரணம். ஏற்கெனவே மணவிலக்குப் பெற்ற வாலிஸ் சிம்ப்சனை மணப்பதற்காக அவர் 1936 டிசம்பர் 10-ஆம் தேதி முடிதுறப்புப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். தம்பிகள் மூவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். மறுநாளே பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அதற்கான சட்டம் நிறைவேறியது. அவர் ஆஸ்திரேலியாவுக்கும் அரசர் என்பதால் இந்நாட்டு நாடாளுமன்றமும் சம்மதம் தந்தது. அவருக்கு முடிசூட்டு விழா நடக்கவே இல்லை. அதற்குக் குறித்திருந்த 1937 மே 12-ஆம் தேதி அவருடைய தம்பி ஆறாம் ஜார்ஜ் முடிசூட்டிக்கொண்டார். ஆனாலும் எட்வர்ட் முடி துறந்தார் என்பதே சரி. இங்கே முடி என்பது தலையில் வைக்கும் கிரீடம் மட்டுமல்ல, அரசுரிமையே முடி.

இன்னோர் உதாரணம் நம் காலத்தது. டென்மார்க் அரசி இரண்டாம் மார்கரெத், தாம் பட்டமேற்று 52 ஆண்டுகள் நிறைந்த 2024 ஜனவரி 14 அன்று முடி துறந்தார். மகன் பிரெடரிக் அரசரானார். அவருடைய மனைவி மேரி டாஸ்மேனியாவின் ஹோபார்ட்டில் பிறந்தவர். இருவரும் முதலில் சந்தித்தது 2000-ஆம் ஆண்டு ஒலிம்பிக்கின்போது சிட்னியில். அந்த முடிதுறப்பால் ஆஸ்திரேலியாவில் பிறந்த ஒரு பெண் டென்மார்க்கின் அரசியானார்.

தமிழ்நாட்டையும் ஆஸ்திரேலியாவையும் இணைக்கும் ஒரு கதை இந்தச் சொல்லின் எல்லையைக் காட்டுகிறது. புதுக்கோட்டை ராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915-இல் மெல்பர்னில் மோலி ஃபிங்க் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணை மணந்தார். பிரிட்டிஷ் அரசு மோலியை ராணியாக ஏற்கவில்லை. தம்பதி மீண்டும் ஆஸ்திரேலியாவுக்கே வந்தார்கள். 1916-இல் சிட்னியில் பிறந்த மகனுக்கு மார்த்தாண்ட சிட்னி தொண்டைமான் என்று பெயர் வைத்தார்கள். அவருக்கும் வாரிசுரிமை கிடைக்கவில்லை. பிறகு ராஜா ஐரோப்பாவில் குடியேறினார். ஆட்சிப் பொறுப்பை உடன்பிறந்தவர் ரீஜண்டாக இருந்து கவனித்தார்.

இவர் முடி துறந்தாரா? இல்லை. 1928-இல் பாரிஸில் இறக்கும்வரை புதுக்கோட்டை ராஜா என்ற பட்டம் அவரிடமே இருந்தது. அவர் கொடுத்தது அதிகாரத்தை, பட்டத்தை அல்ல. ஆகவே 'ஆட்சிப் பொறுப்பிலிருந்து விலகினார்' என்று எழுதுவதுதான் பொருத்தம். அவருக்குப் பின் வந்த ராஜகோபாலத் தொண்டைமான் 1948 மார்ச்சில் சமஸ்தானத்தை இந்தியாவுடன் இணைத்தார். அதுவும் முடிதுறப்பு ஆகாது, ஆட்சியை ஒப்படைத்தல். சமஸ்தான மன்னர்களுக்கு இருந்த அங்கீகாரத்தையும் மானியத்தையும் 1971-இல் அரசியல் சட்டத் திருத்தம் ஒழித்தது. அதை யாரும் துறக்கவில்லை, சட்டம் எடுத்துக்கொண்டது.

தேர்தலில் வென்று வந்தவர்களுக்கு முடி இல்லை. அதனால் முடிதுறப்பும் இல்லை. பிரதமரோ முதல்வரோ தாமாகப் போனால் பதவி விலகல் அல்லது ராஜினாமா. பிறர் அனுப்பினால் பதவி நீக்கம். 1975 நவம்பர் 11 அன்று ஆஸ்திரேலியத் தலைமை ஆளுநர் ஜான் கெர் பிரதமர் கஃப் விட்லமை அனுப்பியது பதவி நீக்கம். ஆங்கிலச் செய்தியைத் தமிழில் சொல்லும்போது இந்த வேறுபாடு கலைந்துவிடக் கூடாது. யார் விரும்பிப் போனார், யார் துரத்தப்பட்டார் என்ற உண்மையே அதில்தான் இருக்கிறது.

இன்னொரு பயன்பாட்டில்தான் பலரும் தடுமாறுகிறோம். ஆங்கிலத்தில், கடமையைச் செய்யாமல் விட்ட அதிகாரியையும் பெற்றோரையும்கூட 'அப்டிகேட்' செய்தார் என்பார்கள். அது குற்றச்சாட்டு. தமிழில் 'துற' என்ற வினைக்கு மரியாதை உண்டு. இல்லறம் துறந்தவரைத் துறவி என்கிறோம். கோப்பெருஞ்சோழன் அரசை விட்டு வடக்கிருந்து உயிர் துறந்ததைப் புறநானூறு போற்றிப் பேசுகிறது. பற்றை விட்டவருக்குரிய சொல் அது. கடமையை விட்டவருக்கு அதைக் கொடுத்தால் பழிக்க வேண்டியவரைப் புகழ்ந்ததாகிவிடும்.

எனவே பிள்ளைகளுக்கு இரண்டையும் பிரித்தே சொல்லிக்கொடுப்போம். அரசர் விட்டால், முடி துறந்தார். அதிகாரி தன் வேலையைச் செய்யாமல் விட்டால், பொறுப்பைத் தட்டிக்கழித்தார், கைகழுவினார். ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருந்தாலும், தமிழில் ஒன்று மதிப்பு, மற்றொன்று கண்டனம். அதை நம் பிள்ளைகள் அறிந்து பேச வேண்டும்.