கிடாரும் நாமமும் – 9: தொட்டுவிட்டுப் போன ரி

1969 டிசம்பரில், கோபன்ஹேகனில் ஜார்ஜ் ஹாரிசன் ‘மை ஸ்வீட் லார்ட்’ பாட்டைத் தொடங்கியதைப் போன வாரமே பார்த்துவிட்டோம். ஒலிப்பதிவுக் கதையும் ஸ்லைடு கிடாரும் இந்த வாரம் வரும் என்று சொல்லியிருந்தேன். அதற்குள் ஒரு தீர்ப்பு கையில் சிக்கியது. நாலு நாளாக அதைவிட்டு எழுந்திருக்க முடியவில்லை.

1976 ஆகஸ்ட் 31, நியூயார்க். ‘தி ஷிஃபான்ஸ்’ பெண்கள் பாடி 1963-ல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்த ‘ஹீ இஸ் ஸோ ஃபைன்’ மெட்டைத்தான் ஹாரிசன் எடுத்தாண்டார் என்பது வழக்கு. அதை எழுதிய ரானி மேக் அந்த ஆண்டே இறந்துபோனார். வழக்குப் போட்டது உரிமை வைத்திருந்த ‘பிரைட் டியூன்ஸ்’. நீதிபதி ரிச்சர்ட் ஓவன் ஓபரா எழுதும் இசையமைப்பாளரும்கூட. அதனால் மெட்டை ஸ்வரம் ஸ்வரமாகப் பிரித்துத் தீர்ப்பிலேயே எழுதிவிட்டார். முதல் துணுக்கு, ஸோல்-மி-ரே. அடுத்தது, ஸோல்-லா-டோ-லா-டோ.

நம் எழுத்தில் மாற்றிப் பார்த்தேன். ப க ரி. ப த ஸ த ஸ.

தாளைப் பக்கத்து வீட்டுப் பாட்டு டீச்சரிடம் நீட்டினேன். சுருதிப்பெட்டியைப் போட்டு, ஒவ்வொன்றையும் நாலு தடவை பாடினார். “மோகனம்தானே சார் இது? மாவும் இல்லை, நியும் இல்லை.” ஆமாம், மோகனத்தின் ஐந்து ஸ்வரங்களும் அந்த இரண்டு துணுக்குக்குள் அடங்கிவிடுகின்றன! அடியில் எழுதியிருந்த இன்னொரு வரியையும் காட்டினேன். ப த ஸ த ரி ஸ. “இந்த ரி நிக்காது சார், தொட்டுட்டுப் போயிடும்” என்று விரலை லேசாக அசைத்தார்.

வழக்கில் எடை கூடியது அந்த ரிக்குத்தான். மோகனத்துக்கு யாரும் பட்டா போட முடியாது. இரண்டு துணுக்குகளும் தனித்தனியே எங்கும் கிடைப்பவைதான். அதே வரிசையில், அத்தனை தடவை திரும்பி வருவதுதான் அபூர்வம். ஷிஃபான்ஸ் பாட்டில் அந்த ரி தலைகாட்டும் அதே இடத்தில், ‘மை ஸ்வீட் லார்ட்’டை பில்லி பிரெஸ்டன் 1970-ல் முதலில் பாடிய பதிவிலும் அது இருக்கிறது. ஹாரிசன் தெரிந்தே எடுத்தார் என்று ஓவன் சொல்லவில்லை. ஆழ்மனம் எடுத்துக்கொடுத்தது, ஆனாலும் சட்டப்படி மீறல்தான் என்றார்.

இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் தீர்ப்பை மறுக்க எனக்கு வாய் வரவில்லை. மனசு கிடந்து அடித்துக்கொள்வது வேறொன்றுக்கு. ஒரு பையனுக்காக ஏங்குகிற பெண்ணின் மெட்டு, கடவுளைக் கண்ணால் காண ஏங்குகிறவனுக்கு இழுத்துப் பிடிக்காமல் பொருந்தியிருக்கிறது. ஆண்டாளைப் பாடி வளர்ந்தவர்களுக்கு இது புரியாமல் போகுமா? கோர்ட்டில் அதற்கு இடமில்லை, அங்கே பேச்செல்லாம் டாலர். நஷ்டஈடு 15,99,987 டாலர் என்று கணக்கு வந்தது. இதே வழக்கில் முன்பு ஹாரிசன் பக்கம் நின்ற மேலாளர் ஆலன் கிளைன், 1978-ல் எதிர்த்தரப்பின் உரிமையை 5,87,000 டாலருக்கு வாங்கிக்கொண்டார். கொடுத்த காசுக்கு மேல் அவர் லாபம் பார்க்கக் கூடாது என்று 1981-ல் ஓவனே சொல்லவேண்டி வந்தது.

நேற்று டீச்சர் முழுப் பாட்டையும் கேட்டார். பின்னணியில் ‘அல்லேலூயா’ மெல்ல ‘ஹரே கிருஷ்ணா’வாகும் இடம் வந்ததும், “இன்னொரு தடவை வைங்க சார், எத்தனை பேர் பாடறாங்க?” என்றார். ஒரே ஆள்தான். ஹாரிசன் தன் குரலையே அடுக்கடுக்காகப் பதிந்து, ஒரு பாடகர் குழு மாதிரிப் பெயரும் போட்டார். ஸ்லைடு கிடாரோடு அதையும் அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)