மூத்திரத்தில் க்ஷயரோகத்தின் சுவடு

க்ஷயரோகத்தை விளைவிப்பது ஒரு கிருமியே என்று ராபர்ட் கோக் 1882-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் தேதி பெர்லின் நகரில் அறிவித்த நாள் முதலாக, அந்நோயைக் கண்டறிய வைத்தியர்கள் நோயாளியின் கபத்தையே முதலில் நாடி வந்திருக்கின்றனர். ஆனால் இருமிக் கபத்தை வெளியேற்றத் தெரியாத குழந்தைகளுக்கு, அவர்கள் விழுங்கிவிட்ட கபத்தை இரைப்பைக்குள் குழாய் செலுத்தி எடுக்க வேண்டியிருக்கிறது. அந்த வேதனையைக் காணச் சகியாதவர்களுக்கு, சிறுநீரிலேயே நோயின் சாட்சியத்தைத் தேடலாம் என்ற செய்தி எத்தனை ஆறுதல்!

சுவாசப்பையின் காற்றறைகளில் தங்கும் கிருமி, தன்னை விழுங்க வரும் வெள்ளணுக்களுக்குள்ளேயே குடிபுகுந்து பெருகுகிறது. அப்போராட்டத்தில் மடியும் கிருமிகள் சிதையும்போது, ஏறக்குறைய 44 லட்சம் கார இணைகள் கொண்ட அவற்றின் டி.என்.ஏ. இழை துண்டுதுண்டாக அறுபட்டு, மிக மெல்லிய சவ்வுக்கு அப்பால் ஓடும் இரத்தத்தில் கலந்துவிடுகிறது. இரத்தத்தின் தெளிநீரில் டி.என்.ஏ. போன்ற உட்கரு அமிலங்கள் அணுக்களுக்கு வெளியே உலவுகின்றன என்பதை மாந்தெல், மெத்தே என்னும் இரு பிரெஞ்சு அறிஞர்கள் 1948-லேயே எடுத்துக்காட்டியிருந்தனர். சிறுநீரகமோ ஒரு நுண்ணிய சல்லடை. சில மைக்ரான் நீளமுள்ள முழுக் கிருமியை அது எளிதில் விடாது. குறுகிய துண்டுகளில் ஒரு பகுதியை மட்டும் கசியவிடுகிறது. மனித டி.என்.ஏ. புரதத்தின்மேல் சுற்றப்பட்டிருப்பதால் இரத்தத்தில் பெரும்பாலும் 167 இணைகள் அளவில் தப்பிப் பிழைக்கிறது. அக்காப்பு இல்லாத கிருமியின் துண்டுகள் அதனினும் சிறியவை.

சிறுநீரிலுள்ள நொதிகளும் இத்துண்டுகளை விரைவில் அழித்துவிடுமாதலால், மாதிரியை எடுத்தவுடனேயே அந்நொதிகளை முடக்கும் ரசாயனத்தைச் சேர்ப்பது அவசியம். எஞ்சியவற்றைப் பெருக்கிக் காட்டுவது, கேரி மல்லிஸ் 1983-இல் கண்ட முறை. சுற்றுக்கு இருமடங்காக 30 சுற்றுகளில் ஒரு துண்டு நூறு கோடிக்கு மேலாகிறது. இதற்காக ஆய்வாளர் பலரும் தேடுவது, கிருமியின் இழையில் பன்முறை திரும்பத் திரும்ப வரும் ஐ.எஸ். 6110 என்னும் பகுதியையே. ஆனால் தென்னிந்தியக் கிருமிகள் பலவற்றில் அப்பகுதி ஒரே ஒரு முறைதான் வருகிறது, சிலவற்றில் அறவே இல்லை. ஆகவே நம் குழந்தைகளுக்கான பரிசோதனை, அதனோடு வேறொரு பகுதியையும் சேர்த்துத் தேடுவதாக அமைய வேண்டும்.