ஒரே கர்ணன், வேறு வேறு இரவுகள்

தெருக்கூத்துக் களத்தின் முன் பாய் விரித்து உட்காரும் கூட்டத்துக்குக் கதை முன்பே தெரியும். கர்ணன் பதினேழாம் நாள் போரில் விழுவான் என்பதும், விரித்த கூந்தலைத் துரோபதை முடிக்கும் நாள் ஒன்று வரும் என்பதும் சிறு பிள்ளைகளும் அறிந்த செய்திகளே. தெரிந்த கதையை இன்ன ஜமா, இன்ன வேஷக்காரரைக் கொண்டு, இந்த ஊரில், இந்த இரவில் எப்படி நடத்திக் காட்டுகிறது என்று பார்ப்பதற்காகவே அந்தக் கூட்டம் விடியும் வரை கண் விழித்திருக்கிறது. ஜமா என்பது ஒரு வாத்தியாரின் கீழ் இயங்கும் கூத்துக் குழுவுக்கு வழங்கும் பெயர். நாடக சபா, செட்டு என்ற பெயர்களும் உண்டு. ஓர் ஆட்டத்தின் பல இரவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பேசும் பழக்கம் கூத்தின் இந்த இயல்பிலிருந்தே பிறந்தது; ஒலிப்பதிவுக் கருவி ஊருக்குள் வந்த பிறகு அந்தப் பேச்சுக்கு நினைவைத் தவிர இன்னொரு சாட்சியும் கிடைத்தது.

கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம், திருக்கோவிலூர், உளுந்தூர்ப்பேட்டை ஆகிய ஊர்களைச் சுற்றிய நிலப்பகுதி, மேற்கே கல்வராயன் மலையை எல்லையாகக் கொண்ட பழைய தென்னார்க்காட்டைச் சேர்ந்தது. தென்னார்க்காடோ திரௌபதி அம்மன் வழிபாடு ஆழ வேரூன்றிய மண். செஞ்சிப் பகுதியை மையமாகக் கொண்டு அவ்வழிபாட்டை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988 இலும் 1991 இலும் இரண்டு பெரிய தொகுதிகளை வெளியிட்டார். பங்குனி தொடங்கி ஆடி வரை நீளும் பருவத்தில் நடக்கும் பாரத விழாக்களில், பகலில் வில்லிபுத்தூரார் பாரதத்தை ஒட்டிய பிரசங்கமும் இரவில் கூத்தும் இணைந்து செல்ல, மண்ணால் துரியோதனனின் பேருருவம் செய்து நிகழ்த்தும் படுகளமும் தீமிதியும் முடிவில் அமைகின்றன. திருநங்கையர் கூடும் விழாவாக நாடெங்கும் அறியப்பட்ட கூவாகம் கூத்தாண்டவர் விழா இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே நடக்கிறது. அங்கே தாலி கட்டி அறுக்கப்படுவது பாண்டவர் வெற்றிக்காகத் தன்னைப் பலி கொடுத்த அரவானுக்காக என்பதையும், அரவான் களப்பலி கூத்தில் தனி ஆட்டமாகவே உண்டு என்பதையும் சேர்த்து நினைத்தால், இப்பகுதியில் கூத்து வெறும் பொழுதுபோக்காக மட்டும் இருந்ததில்லை என்பது விளங்கும்.

இரவுக்கு இரவு ஆட்டம் ஏன் வேறுபடுகிறது என்பதை அறிய, கூத்தின் அச்சிட்ட நூலையும் ஆடப்படும் ஆட்டத்தையும் எதிரெதிரே வைத்துப் பார்க்க வேண்டும். சென்னை பூ. இரத்தின நாயகர் அன்ட் சன்ஸ் போன்ற பதிப்பகங்கள் வெளியிட்ட மலிவு விலைக் கூத்து நூல்களை ஒருவர் சில மணி நேரத்தில் படித்து முடித்துவிடலாம். களத்திலோ அதே கதை இரவு முழுவதையும் எடுத்துக்கொள்கிறது. இடைவெளியை நிரப்புவது ஜமாவின் கற்பனை. தாளத்துக்குக் கட்டுப்பட்டுப் பாடப்படும் பாட்டைத் தரு என்பர். தாளம் இல்லாமல் ராகத்தை விரித்துப் பாடுவது விருத்தம். ஒரு விருத்தத்தை எத்தனை நேரம் இழுக்கலாம், எந்தச் சொல்லில் நின்று எந்தச் சொல்லுக்குத் தாவலாம் என்பது வேஷக்காரரின் குரலையும் அன்றைய கூட்டத்தையும் பொறுத்தது. கட்டியக்காரன் என்னும் பாத்திரம் இன்னும் கட்டற்றது. அரசனின் வாயிற்காவலனாகவும், கதை சொல்பவனாகவும், கேலி செய்பவனாகவும் மாறி மாறி நிற்கும் அவன், உள்ளூர்ச் சங்கதிகளையும் அன்றைய விலைவாசியையும் கௌரவர் சபைக்குள்ளேயே கொண்டுவந்து விடுகிறான். அவன் பேசும் வசனத்தில் பெரும்பகுதி எந்த ஏட்டிலும் இல்லை.

கர்ண மோட்சத்தை எடுத்துக்கொண்டால் ஒப்பீடு எங்கே குவிகிறது என்பது தெளிவாகத் தெரியும். போருக்குப் புறப்படும் கர்ணன் தன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெற வரும் கட்டமே பலருக்கு அந்த ஆட்டத்தின் உயிர். குலம் அறியாதவனுக்கு வாழ்க்கைப்பட்டோம் என்ற மனக்கசப்போடு அவள் பேசுவதும், கட்டியக்காரன் இடையில் தூது சென்று இரு பக்கத்துச் சொல்லையும் திரித்துச் சிரிப்பு மூட்டுவதும், அந்தச் சிரிப்பு அடங்கும் தறுவாயில் பிரிவின் துயரம் மேலெழுவதும் ஒரே இழையில் பின்னப்பட்டவை. ஒரு ஜமாவில் இக்கட்டம் சண்டையாகவே ஓடி முடிய, இன்னொரு ஜமாவில் பொன்னுருவி வேஷம் கட்டியவரின் ஒரு விருத்தத்தால் முழுக் களமும் அமைதியாகிவிடும். பின்னர் தேரோட்டியாக வரும் சல்லியனோடு நடக்கும் வாக்குவாதம், வேதியர் வடிவில் வந்து கண்ணன் புண்ணியத்தைத் தானம் கேட்கும் இடம் என்று அடுத்தடுத்த அளவுகோல்கள் வருகின்றன. ரசிகர் இவற்றை மொத்தமாக மதிப்பிடுவதில்லை. இன்னாருடைய கர்ணனுக்கு நடை அழகு, இன்னாருடைய கர்ணனுக்குக் குரல் அழகு, பின்பாட்டு மட்டும் வேறொரு ஜமாவில்தான் சிறப்பு என்று பகுதி பகுதியாகப் பிரித்தே பேசுவர். வடக்கத்திப் பாணி, தெற்கத்திப் பாணி என்ற பெரிய பிரிவும் இந்தப் பேச்சில் வந்து சேர்ந்துகொள்கிறது.

இதற்கு இணையான ஒரு பழக்கம் அமெரிக்காவில் தனிப் பண்பாடாகவே வளர்ந்திருக்கிறது. 1965 இல் கலிஃபோர்னியாவில் தோன்றி 1995 வரை ஏறத்தாழ 2,300 நிகழ்ச்சிகள் நடத்திய கிரேட்ஃபுல் டெட் என்ற இசைக்குழு, ஒரு பாட்டை மேடையில் ஒவ்வொரு நாளும் வேறுவிதமாக விரித்து வாசிக்கும் வழக்கமுடையது. 1968 இல் மூன்று நிமிடத்துக்கும் குறைந்த இசைத்தட்டாக வந்த அதன் ‘டார்க் ஸ்டார்’, அடுத்த ஆண்டு வெளியான மேடைப் பதிவில் இருபது நிமிடத்தைத் தாண்டி ஓடுகிறது. அச்சிட்ட கர்ண மோட்சத்துக்கும் ஆடிய கர்ண மோட்சத்துக்கும் உள்ள உறவு இதுவே. ரசிகர்கள் பதிவு செய்வதைத் தடுக்காத அக்குழு, 1984 இல் பதிவு செய்வோருக்கென்று அரங்கில் தனி இடமே ஒதுக்கியது. அந்த நாடாக்கள் காசுக்கு விற்கப்படாமல் கைக்குக் கை மாற்றிக்கொள்ளப்பட வேண்டும் என்பது பொதுவான ஒழுங்கு. 1977 மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்த அதன் நிகழ்ச்சியின் பதிவு, அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் போற்றிக் காக்கும் ஒலிப்பதிவுகளின் 2011 ஆம் ஆண்டுப் பட்டியலில் இடம்பெற்றது. அந்தப் பதிவை ரசிகர்கள் குறிப்பிடுவது தேதியாலும் இடத்தாலும்தான் என்பது இங்கே கவனிக்கத் தக்கது. தமிழ்நாட்டுக் கர்நாடக இசை ரசிகர்களும் கச்சேரிப் பதிவுகளின் உறைமேல் பாடகர், பக்கவாத்தியக்காரர், சபா, ஆண்டு ஆகியவற்றை எழுதிவைத்து, தோடிக்குத் தோடி ஒப்பிட்டு வந்திருக்கிறார்கள். கூத்துப் பதிவுகளில் பலவற்றுக்கு இந்த நல்ல வாய்ப்பு அமையவில்லை. கேட்டவர்களின் ரசனையில் குறை இல்லை, பதிவுகள் உருவான விதத்தில் இருக்கிறது.

1963 இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய ஒலிநாடாக் கேசட், டேப் ரெக்கார்டரோடு சேர்ந்து ஊர்ப்புறங்களில் பரவிய பிறகே முழு இரவுக் கூத்தை ஊரார் தாமே பதிவு செய்வது கைகூடியது. அதற்கு முந்தைய கிராமபோன் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிட அளவே கொண்டது என்பதால், அதில் கூத்தின் ஒரு தரு அடங்கலாமே தவிர ஒரு கட்டம் அடங்காது. தொண்ணூறு நிமிடக் கேசட்டிலும் எட்டு மணி நேர ஆட்டத்துக்கு ஆறு வேண்டும். நாற்பத்தைந்து நிமிடத்துக்கு ஒரு முறை யாரேனும் ஒருவர் விழித்திருந்து பக்கம் மாற்ற வேண்டும்; அவர் கண்ணயர்ந்தால் அந்த அளவுக்குக் கதை போய்விடும். எனவே ஒரு ஜமாவின் பதிவில் சல்லியன் வாக்குவாதம் சுருக்கமாக இருக்கிறது என்று முடிவு கட்டுவதற்கு முன், அந்தச் சுருக்கம் ஜமாவினுடையதா கேசட்டினுடையதா என்று கேட்டுக்கொள்வது நல்ல ரசிகருக்கு அழகு.

இதைவிட நுட்பமான ஏமாற்றம் சுருதியில் உண்டு. பேட்டரியில் ஓடும் டேப் ரெக்கார்டரில் விடியும் நேரம் நெருங்க நெருங்க மின்சக்தி குறையும்போது நாடா மெதுவாக நகர்கிறது; அந்த நாடாவைப் பின்னர் சரியான வேகத்தில் ஓட்டினால் குரல் உயர்ந்தும் தாளம் விரைந்தும் ஒலிக்கும். கூத்தில் இயல்பாகவே மேல் ஸ்தாயியில் பாடுவார்கள் என்பதால், கேட்பவர் இதை வேஷக்காரரின் வல்லமை என்றே கொள்ள இடமுண்டு. உண்மையைக் காட்டிக்கொடுப்பது ஆர்மோனியம். அதன் ரீடுகளின் ஒலி இரவுக்குள் மாறாது. ஐந்து கட்டையில் தொடங்கிய ஆர்மோனியம் கடைசிக் கேசட்டில் ஐந்தரைக் கட்டையாகக் கேட்டால், உயர்ந்தது பாடகரின் குரலாக இருக்க முடியாது. சுருதியின் உயரத்தைச் சொல்லும் இந்தக் கட்டை என்ற சொல்லே, கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமுமாகப் பெருவேஷக்காரர் அணியும் மர அணிகலன்களுக்கும் பெயராகி, கட்டைக்கூத்து என்ற வழக்கைத் தந்திருக்கிறது என்பது இக்கலைக்கே உரிய ஓர் இனிய பொருத்தம்.

பதிவு செய்யும் கருவி எங்கே வைக்கப்பட்டது என்பதும் தீர்ப்பை மாற்றும். மைக் செட்டின் ஆம்ப்ளிஃபயரிலிருந்து நேரடியாக ஒயர் இழுத்துப் பதிவு செய்தால் பாட்டும் வசனமும் தெளிவாக விழும். ஆனால் களத்துக்கு மேலே தொங்கும் மைக்குக்கு அருகில் உள்ளதே பெரிதாகவும், தள்ளி இருப்பது மங்கியும் கேட்கும். ஆர்மோனியம் பக்கத்தில் இருந்துவிட்டால் முகவீணை அடிபட்டுப் போகிறது. முகவீணை என்பது பெயருக்கு வீணையாயினும் நாதஸ்வர இனத்தைச் சேர்ந்த சிறிய ஊதுகருவி. பாடகர் விட்ட இடத்தில் குரலைத் தொடர்ந்து சென்று விருத்தத்துக்கு நிழல் போல நிற்பது அதுதான் என்பதால், அது கேளாத பதிவில் விருத்தத்தின் பாதியே கிடைக்கிறது. மாறாக, கூட்டத்தின் நடுவே மடியில் வைத்துப் பதிவு செய்த கேசட்டில் இரைச்சலும் குழந்தை அழுகையும் கலந்திருந்தாலும், கட்டியக்காரனின் கேலிக்குச் சிரிப்பு எங்கிருந்து எழுந்து எப்படிப் பரவியது என்பதும், திரை விலகி வேஷம் வெளிப்படும்போது சலங்கை ஒலியோடு எழும் ஆரவாரமும் அப்படியே இருக்கின்றன. பக்கத்தில் இருப்பவரின் மறுமொழியை வைத்தே அடுத்த சொல்லை எடுக்கும் ஒரு கலைக்கு, கூட்டம் இல்லாத தெளிவைவிடக் கூட்டத்தோடு கூடிய தெளிவின்மையே உண்மையான சான்று.

கேசட்டுக்குப் பின் எண்பது நிமிட அளவுடைய விசிடியும், அதன்பின் மெமரி கார்டும் கைப்பேசியும் யூடியூப்பும் வந்து, பக்கம் மாற்றும் தொல்லையை ஒழித்தன. பதிவுகள் பெருகின, ஆனால் ‘கர்ண மோட்சம் முழு இரவு’ என்ற அளவிலேயே பல பெயர்கள் நின்றுவிடுவதால், ஆடிய ஜமா எது, வாத்தியார் யார், எந்த ஊர்த் திருவிழா என்ற விவரங்கள் கழன்றுபோகின்றன. படம் எடுத்தவரின் பெயர் பெரிதாகத் தெரியும் இடத்தில் பொன்னுருவியாக நின்று பாடியவரின் பெயர் இல்லாதிருப்பது, ஒப்பீட்டுக்கு ஊறு என்பதோடு அக்கலைஞருக்கு இழைக்கும் அநீதியும் ஆகும். பதிவால் வரும் வருவாயில் ஜமாவுக்குப் பங்கு வேண்டும் என்ற கேள்வியும் பெயர் இருந்தால்தான் எழ முடியும்.

ஊர்ப்பெயரை மட்டும் எழுதினாலும் போதாது என்பதற்கு இப்பகுதியின் வரலாறே காரணம். ஒரே ஊரில் ஒரே கோயிலின் முன் ஆடிய கூத்து, 1993 செப்டம்பர் வரை தென்னார்க்காடு மாவட்டத்திலும், அதன்பின் விழுப்புரம் மாவட்டத்திலும், 2019 நவம்பர் 26 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் ஆடியதாகக் குறிக்கப்படும். ஒரே பெயருடைய ஊர்கள் அடுத்தடுத்து அமைந்த நிலத்தில், கோயிலும் பக்கத்துப் பெரிய ஊரும் சேர்த்து எழுதப்படாத குறிப்பு சில ஆண்டுகளிலேயே பயன் இழக்கும். கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். கேரளத்தவரோடு தொடர்பில்லாமல், மலைவாசிகள் என்ற பொருளில் அப்பெயர் தாங்கித் தமிழே பேசும் அம்மக்களின் பதிவில் ‘மலைவாழ் மக்கள் பாடல்’ என்று மட்டும் எழுதினால், கல்வராயனுக்கும் சேர்வராயனுக்கும் பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் உள்ள வேறுபாடே மறைந்துவிடும். அமெரிக்க இந்திய ஆய்வு நிறுவனம் 1982 இல் தொடங்கிய இசை ஆவணக் காப்பகம் போன்ற இடங்களில், ஒலிநாடாவோடு அதைப் பற்றிய குறிப்புகளும் சேர்த்துப் பேணப்படுவது இதனால்தான்.

விவரம் எழுதாத பழைய கேசட்டுக்கும் ஒரு வழி உண்டு, அதைக் கூத்தே தந்திருக்கிறது. களரி கட்டுதல் எனப்படும் தொடக்க வாத்திய இசை முடிந்து முதலில் வரும் கட்டியக்காரன் இன்ன ஊரில் இன்ன ஆட்டம் என்று சபைக்கு அறிவிப்பான். ஆட்டத்தின் நடுவே அன்பளிப்பு கொடுத்தவரின் பெயரும் தெருவும் மைக்கில் சொல்லப்படும்; கதையின் ஓட்டத்தைக் கெடுப்பதாகப் பலர் குறைப்படும் இந்த அறிவிப்பே, பின்னாளில் இரவையும் ஊரையும் கண்டுபிடிக்கக் கிடைக்கும் தடயம். விலைவாசிக் கேலி ஆண்டைச் சொல்லிவிடும். அந்த வட்டாரத்து மூத்த ரசிகர்கள் ஒரு விருத்தத்தைக் கேட்டதுமே இது இன்னாருடைய குரல் என்று சொல்லக்கூடியவர்கள். அவர்கள் இருக்கும்போதே கேசட்டுகளைப் போட்டுக் காட்டிக் கேட்டு எழுதிவைக்க வேண்டும். ஐயத்துக்கு இடமில்லாத சான்று கடைசியில் வருகிறது. கர்ணன் மோட்சம் அடைந்து, கிழக்கு வெளுக்கும் நேரத்தில் பாடப்படும் மங்களத்தில் ஜமா அந்த ஊரையும் அம்மனையும் பெயர் சொல்லி வாழ்த்தும். எட்டு மணி நேர ஆட்டத்துக்கு ஐந்து கேசட்டோடு வந்தவரின் பதிவில் அந்தக் கடைசி அரை மணி நேரம் இருக்காது.